கடலடி வால்வுகள்: கை விட்டால் மூடிக்கொள்ளும் கதவு

ஒரு பொறியைக் கண்டால் நாம் வழமையாகக் கேட்பது, ‘இது என்ன வேலை செய்யும்?’ என்றுதான். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. ‘இது பழுதானால் என்ன செய்யும்?’ வீட்டு மின்விசிறி பழுதானால் நின்றுவிடும், நமக்குக் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். ஆனால் மலைச்சரிவில் இறங்கும் பஸ்ஸின் பிரேக் பழுதானால்? எரிவாயுக் குழாயின் அடைப்பு பழுதானால்? அங்கே இரண்டாவது கேள்விக்கான விடை மனித உயிர்.

அந்த இரண்டாவது கேள்வியை மிகக் கடுமையாகக் கேட்கும் இடங்களில் ஒன்று கடலின் அடித்தளம். எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் கிணறுகளின் வாயில், இரண்டாயிரம் மீற்றருக்கும் கீழே, சூரிய ஒளி எட்டாத இடத்தில், வால்வுகள் பொருத்தப்பட்டுள்ளன. அங்கே சுழியோடி போக முடியாது. மேலே கப்பலோ மேடையோ தீப்பிடித்தாலும், மின்சாரம் அறுந்தாலும், குழாய் முறிந்தாலும் அந்த வால்வு யாருடைய கட்டளைக்கும் காத்திராமல் தானாக மூடிக்கொள்ள வேண்டும். எப்படி மூடுகிறது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லைப் பற்றி முதலில்

இப்படியான பொறியை ஆங்கிலத்தில் ‘ஃபெயில்சேஃப்’ என்பார்கள். பலர் இதைப் ‘பழுதே ஆகாதது’ என்று விளங்கிக்கொள்கிறார்கள். அது பிழையான விளக்கம். பழுதாகாத பொறி என்று ஒன்று உலகத்தில் இல்லை. பழுதாகும்போது எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்து, அந்தப் பக்கமே சாயும்படி செய்யப்பட்ட பொறி என்பதுதான் பொருள். ‘பழுதிலும் காப்பு’ என்று இங்கே சொல்லிக்கொள்வோம். வால்வு என்ற சொல்லை நமது பாடநூல்கள் இருதயத்தைப் பற்றிப் பேசும்போதே பழக்கிவிட்டன, அதை மாற்றத் தேவையில்லை. பிஸ்டனுக்கு நமது விஞ்ஞான நூல்கள் ‘முசலம்’ என்கின்றன. முசலம் என்றால் உலக்கை. உரலுக்குள் உலக்கை போல, உருளைக்குள் ஏறி இறங்குவது. பொருத்தமான சொல்தான்.

பஸ்ஸில் கிடைக்கும் பாடம்

காலையில் பஸ்ஸை ஸ்டார்ட் செய்த சாரதி உடனே புறப்படாமல் கொஞ்ச நேரம் காத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். காற்று ஏறட்டும் என்பார். காற்று பிரேக் உள்ள கனரக வாகனங்களில், நிறுத்திவைக்கும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருப்பது காற்று அல்ல, ஒரு தடித்த ஸ்பிரிங். காற்றின் வேலை அந்த ஸ்பிரிங்கை அமுக்கி, பிரேக்கை விடுவிப்பது. காற்றுக் குழாய் வெடித்தால் ஸ்பிரிங் விரிந்து சக்கரத்தைப் பிடித்துவிடும். நிற்பதற்குக் காற்றுத் தேவையில்லை, ஓடுவதற்குத்தான் தேவை.

இந்தத் தலைகீழ் யோசனை புகையிரதத்தில் பிறந்தது. அமெரிக்கரான ஜோர்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் செய்த முதல் காற்று பிரேக்கில், காற்றை அனுப்பினால்தான் பிரேக் விழும். பெட்டிகள் கழன்று குழாய் அறுந்தால் பிரேக் இல்லை. 1872இல் அவர் ஒழுங்கை மாற்றிப்போட்டார். குழாயில் காற்றமுக்கம் இருக்கும் வரை பிரேக் விலகி நிற்கும், அமுக்கம் இறங்கினால் பிரேக் விழும். இந்த வித்தியாசத்தின் விலை என்ன என்பதை 1889 ஜூன் 12ஆந் திகதி அயர்லாந்தின் ஆர்மா நகருக்கு அருகே உலகம் கண்டது. ஏற்றத்தில் நின்ற சுற்றுலாப் புகையிரதம் ஒன்றின் பெட்டிகளைப் பிரித்தபோது, பின்பெட்டிகள் பின்னோக்கி உருண்டு, எதிரே வந்த வண்டியில் மோதின. அதில் இருந்தது வெற்றிடம் போனால் பிரேக்கும் போய்விடும் பழைய வகை. 80 பேர் இறந்தார்கள், அவர்களில் பலர் சிறுவர்கள். அதே ஆண்டில் பிரித்தானியச் சட்டம் பயணிகள் புகையிரதங்களுக்குத் தானியங்கி பிரேக்கைக் கட்டாயமாக்கியது. நமது புகையிரதங்கள் நெடுங்காலம் பயன்படுத்திய வெற்றிட பிரேக்கும் இந்தத் தானியங்கி வகையைச் சேர்ந்ததே.

கடலடி வால்வின் தத்துவமும் இதுதான். காற்றுக்குப் பதில் திரவம், சக்கரத்துக்குப் பதில் வால்வு.

கடலடியில் நிற்கும் ‘மரம்’

எண்ணெய்க் கிணற்றின் வாயில் பொருத்தும் வால்வுத் தொகுதியை அத்துறையினர் ‘கிறிஸ்மஸ் மரம்’ என்கிறார்கள். தரையில் நிற்கும் பழைய வகைகளில் பக்கக் கிளைகளும் வட்டப்பிடிகளும் தொங்குவதைப் பார்த்து வைத்த பெயர். 1961இல் ஷெல் நிறுவனம் மெக்சிக்கோ வளைகுடாவில் ஆழங்குறைந்த நீரில் அப்படியொரு மரத்தைக் கடலடியில் நிறுத்தியது. இன்று ஏறத்தாழ 2,900 மீற்றர் ஆழத்திலும் அவை நிற்கின்றன.

மரத்தில் பல வால்வுகள். கிணற்றின் நேர்வழியை அடைப்பது தலைமை வால்வு. பக்கத்துக்குத் திரும்பும் வழியை அடைப்பது இறக்கை வால்வு. பெரும்பாலும் இவை ‘கதவு வால்வு’ வகை. நடுவில் துளையுள்ள ஒரு தடித்த உருக்குத் தட்டு, குழாய்க்குக் குறுக்காக வழுக்கி நகரும். துளை குழாயோடு நேராக வந்தால் திறப்பு, துளையில்லாத பகுதி வந்தால் மூடல். வீட்டுத் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தட்டைத் தள்ளுவதற்கு ஒரு தண்டு. தண்டின் மறுமுனையில் முசலம். முசலத்துக்குப் பின்னால் பலமான ஸ்பிரிங். மேலேயிருந்து அமுக்கத்தோடு வரும் திரவம் முசலத்தைத் தள்ளும்போது ஸ்பிரிங் சுருங்கும், தண்டு உள்ளே போகும், துளை நேராகும், வால்வு திறக்கும். திறந்தே வைத்திருக்க வேண்டுமென்றால் அமுக்கம் தொடர்ந்து இருக்க வேண்டும். அமுக்கம் எந்தக் காரணத்தால் போனாலும், கட்டளையால் போனாலும், குழாய் வெடித்துப் போனாலும், ஸ்பிரிங் விரிந்து தண்டை வெளியே இழுத்து வால்வை மூடும். மூடுவதற்கு வேண்டிய சக்தி, திறக்கும்போதே ஸ்பிரிங்கில் சேமிக்கப்பட்டுவிட்டது. திறந்த கையே மூடுவதற்குரிய கூலியையும் முன்பணமாகக் கட்டிவிடுகிறது என்று சொல்லலாம்.

எவ்வளவு பலம் வேண்டும்?

சரி, ஒரு ஸ்பிரிங்தானே, அதில் என்ன பெரிய வித்தை என்று கேட்கலாம். கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும்.

கிணற்றுக்குள் சதுர அங்குலத்துக்கு 10,000 இறாத்தல் அமுக்கம் என்று வைப்போம். கடலடி மரங்களுக்கு இது வழக்கமான அளவுதான். சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 700 கிலோகிராம் பாரம். குழாயின் விட்டம் 13 சென்ரிமீற்றர் என்றால் அதன் பரப்பு சுமார் 133 சதுர சென்ரிமீற்றர். மூடும் தறுவாயில் அந்தத் தட்டின்மேல் அழுத்தும் பாரம் 93 தொன். அதை அதன் இருக்கையோடு உராயவிட்டு நகர்த்த வேண்டும். உராய்வு பத்திலொரு பங்கு என்று எடுத்தாலும் 9 தொன் இழுவை வேண்டும். அதனால்தான் தட்டுக்கும் இருக்கைக்கும் தங்ஸ்தன் காபைட்டு போன்ற மிகக் கடினமான பூச்சைப் பூசி வழவழப்பாக்குகிறார்கள்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. கிணற்று அமுக்கம் தண்டையும் வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. தண்டு வெளியே வந்தால் வால்வு மூடும். 5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள தண்டில் அந்தத் தள்ளல் 13 தொன்னுக்கும் மேல். அதாவது, கிணறு சீறிக்கொண்டு வரும்போது தன்னை மூடுவதற்குத் தானே துணை நிற்கிறது. அபாயம் கூடும்போது காப்பும் கூடுகிறது.

கடல் செய்யும் இடைஞ்சல்

தரையில் இத்தோடு கதை முடிந்துவிடும். கடலடியில் இனித்தான் தொடங்குகிறது.

கடலில் ஒவ்வொரு 10 மீற்றர் இறங்கும்போதும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும். 2,000 மீற்றரில் சதுர சென்ரிமீற்றருக்கு 200 கிலோகிராமுக்கும் மேல். இப்போது மேலிருந்து வரும் திரவக் குழாயை நினையுங்கள். மேலே பம்பியை நிறுத்தி, அமுக்கத்தை முழுக்க இறக்கிவிட்டாலும் குழாய்க்குள் 2,000 மீற்றர் உயரத்துக்குத் திரவம் நிற்கிறதே, அதன் பாரம் எங்கே போகும்? அது முசலத்தின் தலையில்தான் விழும். முசலத்தின் விட்டம் 20 சென்ரிமீற்றர் என்றால் பரப்பு 314 சதுர சென்ரிமீற்றர். பாரம் 60 தொன்னுக்கும் மேல்! ஸ்பிரிங் இருக்கும் அறையை வெறும் காற்றோடு அடைத்துவைத்திருந்தால், பாவம் அந்த ஸ்பிரிங் இவ்வளவையும் தனியே எதிர்த்துத் தள்ள வேண்டும். முடியாது. ‘மூடு’ என்று மேலே பொத்தானை அழுத்தியவர் வால்வு மூடிவிட்டது என்று நம்பியிருப்பார். கீழே அது திறந்தே கிடக்கும்.

இதற்குக் கண்ட தீர்வு எளிமையானது, அழகானதும்கூட. கடலை எதிர்க்காமல் கடலையே துணைக்கு அழைப்பது. ஸ்பிரிங் அறையையும் திரவத்தால் நிரப்பி, ரப்பர் பை போன்ற நெகிழ்வான ஒரு தடுப்பின் மூலம் அந்தத் திரவத்தை வெளிக்கடலின் அமுக்கத்துக்குச் சமமாக்கிவிடுகிறார்கள். கடல் அமுக்கினால் பையும் அமுங்கும், உள்ளே அதே அமுக்கம் வரும், உப்புநீர் மாத்திரம் வராது. இப்போது முசலத்தின் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே பாரம். தராசின் இரு தட்டிலும் ஒரே எடையை வைத்தது போல. மிஞ்சுவது திரவத்துக்கும் கடல்நீருக்கும் இடையிலான அடர்த்தி வித்தியாசம் மட்டும். கட்டுப்பாட்டுத் திரவம் கடல்நீரைவிட நூற்றுக்கு ஐந்து பங்கு அடர்த்தி கூடியது என்றால், 2,000 மீற்றரில் முசலத்தின் மேல் எஞ்சும் பாரம் சுமார் 3 தொன். இதை ஸ்பிரிங் சமாளிக்கும்.

இன்னொரு நன்மையும் வருகிறது. குழாய் கடலடியில் அறுந்து கடல்நீரே உள்ளே புகுந்தாலும் பரவாயில்லை. முன்னும் பின்னும் கடலின் அமுக்கமே இருப்பதால் ஸ்பிரிங் தன் வேலையைச் செய்துவிடும்.

ஆனால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. தண்டின் ஒரு பக்கம் கிணறு, மறுபக்கம் கடலமுக்கம். கிணறு வயதாகி அதன் அமுக்கம் தணிந்துவிட்டால், முன்பு துணை நின்ற அந்த வெளித்தள்ளல் போய்விடும். கடல் மட்டும் தண்டை உள்நோக்கி, அதாவது திறக்கும் பக்கமாக, 4 தொன் அளவில் தள்ளிக்கொண்டிருக்கும். எனவே வடிவமைப்பாளர் இரண்டு தனித்தனிக் கணக்குகள் போட வேண்டும்: சீறும் கிணற்றின் உராய்வுக்கு ஒன்று, ஓய்ந்த கிணற்றின் மேல் கடல் செய்யும் தள்ளலுக்கு ஒன்று. சீறும் கிணறு மட்டுமே அபாயம் என்று நினைத்துக் கணக்கை நிறுத்தினால் பிழைத்துவிடும்.

கட்டளை போகும் வழி

மேடைக்கும் கடலடிக்கும் இடையில் ‘தொப்புள்கொடி’ என்று அழைக்கப்படும் நீண்ட கட்டு ஓடுகிறது. பெயரே விளக்கம் சொல்லிவிடும். அதற்குள் திரவக் குழாய்கள், மின்கம்பிகள், சமிக்ஞைக் கம்பிகள். பழைய முறையில் வால்வுக்கு ஒரு குழாய் என்று மேலிருந்தே ஓடும். பல கிலோமீற்றர் நீளமான மெல்லிய குழாயில் அமுக்கம் இறங்கி முடிய நிமிடக்கணக்காகும். ஆபத்தில் அது நீண்ட நேரம்.

அதனால் புதிய முறையில் கடலடியிலேயே ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. நைதரசன் வாயு நிரப்பிய சேமிப்புக் கலன்கள் பக்கத்தில் நின்று அமுக்கத்தைப் பிடித்துவைத்திருக்கும். மின் சமிக்ஞை வந்ததும் பெட்டிக்குள் இருக்கும் சிறு வால்வு, முசலத்தின் திரவத்தை அங்கேயே கடலுக்குள் திறந்துவிடும், பெரிய வால்வு விரைவாக மூடும். இதனால்தான் இத்திரவம் எண்ணெயாக இல்லாமல் நீரும் கிளைக்கோலும் கலந்ததாகத் தயாரிக்கப்படுகிறது.

இங்கே ஒரு நுட்பம். சமிக்ஞை மட்டும் ஒரு கணம் தடைப்பட்டால் வால்வு மூட வேண்டுமா? மூடினால் சின்னக் கோளாறுக்கெல்லாம் கிணறு நின்று நின்று ஓடும். திடீர் நிறுத்தமும் தொடக்கமும் கிணற்றுக்கும் குழாய்க்கும் கேடு. ஆகவே பல அமைப்புகளில் மின்சாரம் போனால் சிறு வால்வு இருந்த நிலையிலேயே நிற்கும், திரவ அமுக்கம் போனால்தான் எல்லாம் மூடும். எல்லாப் பொறிக்கும் ‘மூடுவது’ காப்பு என்றும் இல்லை. தீயணைக்கும் நீர் வால்வு பழுதானால் திறக்க வேண்டும். ஓட்டத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும் வால்வு நின்ற நிலையிலேயே நிற்பது நல்லது. எது காப்பு என்பதை இரும்பு தீர்மானிப்பதில்லை, ஆபத்தை முன்கூட்டி யோசித்த மனிதன் தீர்மானிக்கிறான்.

இரண்டு இரவுகள்

1988 ஜூலை 6ஆந் திகதி இரவு 10 மணி. வடகடலில், ஸ்கொட்லாந்தின் அபர்டீனுக்கு அப்பால் நின்ற பைப்பர் அல்ஃபா மேடையில் வெடிப்பு. மேடையின் தீயணைப்புப் பம்பிகள் தானாக இயங்காதபடி வைக்கப்பட்டிருந்தன. நீருக்கடியில் வேலை செய்யும் சுழியோடிகளைப் பம்பி உறிஞ்சிவிடக் கூடாது என்பது காரணம். நல்ல காரணம்தான், ஆனால் இப்போது யாரோ ஒருவர் போய்க் கையால் இயக்க வேண்டும், புகையும் தீயும் போகவிடவில்லை. 10.20 அளவில், டார்டன் மேடையிலிருந்து வந்த வாயுக் குழாய் தீயின் வெப்பத்தில் வெடித்தது. அடைக்கும் வால்வு மேடையின் மேலே இருந்தது, குழாய் உடைந்ததோ அதற்குக் கீழே. கடலடிக் குழாயில் நிறைந்திருந்த வாயு முழுவதும் தீக்கு இரையாக வந்துகொண்டேயிருந்தது. பின்னர் மற்றக் குழாய்களும் வெடித்தன. 167 பேர் மாண்டார்கள்.

வால்வு இருந்தது, இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அடுத்த ஆண்டே பிரித்தானியா அவசர வால்வுகள் பற்றிய விதிகளைக் கொண்டுவந்தது. 1990இல் கலன் பிரபுவின் விசாரணை அறிக்கை 106 பரிந்துரைகளோடு வெளிவந்தது. பல மேடைகளுக்கு வரும் வாயுக் குழாய்களில், மேடையிலிருந்து தள்ளி, கடலடியிலேயே ஸ்பிரிங்கால் மூடும் தனிமைப்படுத்தும் வால்வுகள் பொருத்தப்பட்டன. மேலே எது எரிந்தாலும் கீழே மூடிக்கொள்ளும்.

மற்றது 2010 ஏப்ரல் 20. மெக்சிக்கோ வளைகுடாவின் மக்கொண்டோ கிணற்றைத் துளைத்துக்கொண்டிருந்த டீப்வோட்டர் ஹொரைசன் மேடையில் வெடிப்பு, 11 பேர் மரணம். ஏறத்தாழ 1,500 மீற்றர் ஆழத்தில் கிணற்று வாயில் ஒரு பிரமாண்டமான வெடிப்புத் தடுப்பான் நின்றது. ஆனால் அது இங்கே நாம் விவரித்த வகையல்ல. துளைக்கும் உருக்குக் குழாயையே வெட்டி மூட வேண்டிய அதன் கத்திகளுக்கு ஸ்பிரிங்கின் பலம் போதாது. சேமிப்புக் கலன்களின் அமுக்கமும், அதைத் திறந்துவிடப் பற்றரியும் மின்காந்த வால்வும் வேண்டும். இரண்டு கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் ஒன்றில் பற்றரி வலுவிழந்திருந்ததையும், மற்றதில் ஒரு மின்காந்த வால்வின் வயர்கள் மாறிப் பொருத்தப்பட்டிருந்ததையும் பின்னர் விசாரணையாளர்கள் கண்டார்கள். குழாயும் நடுவிலிருந்து விலகி வளைந்திருந்தது. கிணற்றின் ஓட்டத்தை நிறுத்த 87 நாட்கள் எடுத்தன.

முதலாவது இரவு ‘எங்கே’ என்று கேட்கச் சொல்கிறது. இரண்டாவது இரவு, ‘காப்பதற்கு எத்தனை பொருள்கள் உயிரோடு இருக்க வேண்டும்’ என்று கேட்கச் சொல்கிறது. ஸ்பிரிங்குக்குப் பற்றரி வேண்டாம், வயர் வேண்டாம், யாருடைய நினைவும் வேண்டாம். அதன் மதிப்பு அதில்தான் இருக்கிறது.

தூங்கும் காவற்காரன்

ஆனாலும் ஸ்பிரிங்கும் மறக்கும். ஆண்டுக்கணக்கில் திறந்தே நிற்கும் வால்வில் படிவு சேரலாம், முத்திரை வளையங்கள் ஒட்டிக்கொள்ளலாம், உலோகம் அரிக்கப்படலாம். ஆகவே குறித்த காலத்துக்கு ஒரு முறை மூடிப் பார்க்க வேண்டும். மூடிய பின் கசிகிறதா என்று அமுக்கத்தை அளக்க வேண்டும். முன்பு எவ்வளவு அமுக்கத்தில் நகரத் தொடங்கியது, இன்று எவ்வளவில் தொடங்குகிறது என்று ஒப்பிட்டாலே உள்ளே உராய்வு கூடுகிறதா என்பது தெரிந்துவிடும். கடைசி வழியாக, மேலிருந்து இயக்கப்படும் நீர்மூழ்கி ரோபோ வந்து தன் கையால் தண்டைத் திருப்பும் வசதியும் வைத்திருப்பார்கள்.

இப்போது திரவத்தையே விட்டுவிட்டு மின்மோட்டரால் இயக்கும் மரங்களும் வந்துவிட்டன. 2008இல் நெதர்லாந்தின் வடகடல் பகுதியில் கே5எஃப் வயலில் அப்படியொரு தொகுதி இயங்கத் தொடங்கியது. அங்கேயும் பழைய கேள்விதான்: மின்சாரம் போனால் மூடுவது யார்? ஸ்பிரிங்கா, பற்றரியா? பொறியியலாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

நமக்கு என்ன?

2011இல் கெய்ர்ன் லங்கா நிறுவனம் மன்னார்ப் படுகையில் துளைத்தபோது டொராடோ, பராகூடா என்னும் இரு இடங்களில் எரிவாயு இருப்பது தெரியவந்தது. அங்கே கடலின் ஆழம் 1,300 மீற்றருக்கும் அதிகம். அந்த வாயு இன்னும் வணிக ரீதியில் எடுக்கப்படவில்லை. என்றாவது எடுக்கப்பட்டால் கிணற்று வாய்கள் கடலடியில்தான் இருக்கும். அந்தக் கடலை நம்பி மன்னாரிலிருந்து கற்பிட்டி, புத்தளம் வரை ஆயிரமாயிரம் குடும்பங்கள் அடுப்பு மூட்டுகின்றன. அந்த நாளில், எவ்வளவு வருமானம் வரும் என்று கேட்பதற்கு ஆட்கள் நிறையவே இருப்பார்கள். கரையோர மக்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. வால்வு எங்கே இருக்கிறது? கிணற்றில் அமுக்கமே இல்லாவிட்டாலும் அந்த ஆழத்தில் ஸ்பிரிங் தனியே அதை மூடுமா? கடைசியாக எப்போது மூடிப் பார்த்தீர்கள்? கசிவை அளந்த பதிவு யாரிடம் இருக்கிறது, அதை நாங்கள் பார்க்கலாமா?

இவற்றைக் கேட்பதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. விடை சொல்பவருக்குத்தான் அது தேவை.